கவுன்சில் எஸ்டேட்டை இடித்துக் கட்டப் போகிறதா? லீஸ் வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டனில் கவுன்சில் பிளாட்டை வாங்கி லீஸில், அதாவது குறித்த வருடங்களுக்கான உரிமையில், வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சிலர் 1980 வீடமைப்புச் சட்டம் கொண்டுவந்த ரைட் டு பை மூலம், அதாவது வாடகைக்கு இருந்தவர் அதே வீட்டை வாங்கும் உரிமையில், கவுன்சிலிடமே வாங்கியவர்கள். பலர் அப்படி வாங்கியவரிடமிருந்து பிறகு வாங்கியவர்கள். எஸ்டேட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீஜெனரேஷன் திட்டம் என்று ஒரு கடிதம் வந்ததும் வீட்டில் நித்திரை போய்விடுகிறது. அந்தக் கடிதங்களை வாசித்து விளக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இவை இங்கிலாந்துச் சட்டப்படியான பதில்கள்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் “எவ்வளவு தருவினம்?” என்றுதான் தொடங்குகிறார்கள். “அந்தக் காசோடு எங்கே போய் இருப்பது?” என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வரும்வரை விலைக்குத் தலையாட்ட வேண்டாம்.

கவுன்சிலிட்டை இருந்து கடிதம் வந்திருக்கு. நாளைக்கே எழும்பச் சொல்லுவினமோ?

இல்லை. முதல் கடிதம் பெரும்பாலும் கூட்டத்துக்கோ கருத்துக் கேட்புக்கோ வந்த அழைப்பாகத்தான் இருக்கும். அதிலிருந்து வீடு கைமாறும் வரை பல வருடங்கள் ஓடுவது சாதாரணம். கருத்துக் கேட்பு, கவுன்சில் கபினெட் முடிவு, திட்ட அனுமதி, விலை பேசுதல், கட்டாயக் கொள்முதல் ஆணை என்று படிகள் உண்டு. அந்த ஆணையைத்தான் எல்லோரும் சிபிஓ என்கிறார்கள்.

கடிதத்தை உறையோடு வைத்திருங்கள். வந்த திகதியை மேலே எழுதுங்கள். பின்னால் கெடுக்கள் எண்ணும்போது அது தேவைப்படும்.

இது நான் காசு குடுத்து வாங்கின வீடு. சொந்த வீட்டைக் கவுன்சில் எப்பிடிப் பறிக்கேலும்?

முடியும், ஆனால் நினைத்தவுடன் முடியாது. 1990 நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 226ஆம் பிரிவு, 1985 வீடமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு போன்றவை கவுன்சிலுக்கு அந்த அதிகாரத்தைத் தருகின்றன. ஆணையைப் போடுவது கவுன்சில். அதை உறுதிப்படுத்துவது அமைச்சர், அல்லது அவர் சார்பில் ஒரு இன்ஸ்பெக்டர். பொதுநலனுக்கு வலுவான காரணம் இருக்கிறது, மனம் ஒத்து வாங்க உண்மையாகவே முயன்றோம், பணமும் திட்டமும் தயாராக இருக்கின்றன என்று கவுன்சில் காட்ட வேண்டும். உங்கள் வீட்டுக்கும் குடும்ப வாழ்வுக்குமான மனித உரிமையும் அந்தத் தராசில் வைக்கப்படும்.

ஆணை போட்டதும் உங்களுக்கு அறிவித்தல் வரும். எதிர்ப்புத் தெரிவிக்கக் குறைந்தது 21 நாள் தர வேண்டும். எதிர்ப்பு நிலைத்து நின்றால் பொது விசாரணையோ எழுத்து மூல விசாரணையோ நடக்கும். விசாரணையில் லீஸ்காரர் தானே எழும்பிப் பேசலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை.

முடிவெடுத்திட்டுத்தானே எங்களைக் கேக்கினம்? கூட்டத்துக்குப் போய் என்ன பிரயோசனம்?

இந்தச் சந்தேகம் நியாயமானது. 1985இல் பிரென்ட் கவுன்சிலுக்கு எதிரான கனிங் வழக்கில் பேசப்பட்ட நான்கு விதிகளை 2014இல் ஹரிங்கே கவுன்சிலுக்கு எதிரான மோஸ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முடிவு உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லப் போதிய விபரம் தர வேண்டும். போதிய நேரம் தர வேண்டும். வந்த பதில்களை மனதார எடைபோட வேண்டும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. தென் லண்டனில் புரொக்வெல் பார்க் ஓரமாக இருக்கிறது கிரெசிங்ஹாம் கார்டன்ஸ். அங்கே லம்பெத் கவுன்சில் கருத்துக் கேட்பின் நடுவிலேயே திருத்தி வைத்திருக்கும் தெரிவுகளை எடுத்துவிட்டு, இடிப்பது பற்றி மட்டும் பேசத் தொடங்கியது. 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும்: கவுன்சில் திரும்பக் கேட்டு, 2016இல் மறுபடி இடிப்பையே தெரிவு செய்தது. அடுத்த வழக்கில் கவுன்சில் வென்றது. கருத்துக் கேட்பில் பிழை பிடித்தால் நேரமும் பேரம் பேசும் பலமும் கிடைக்கும். எஸ்டேட் நிலைக்கும் என்ற உறுதி அதில் இல்லை.

ஆகவே கூட்டத்துக்குப் போங்கள். “திருத்தினால் எவ்வளவு செலவு, இடித்தால் எவ்வளவு, அந்தக் கணக்கைக் காட்டுங்கோ” என்று கேளுங்கள். கேட்டதை அன்றிரவே ஈமெயிலாக அனுப்புங்கள். வாயால் சொன்னது கவுன்சில் கோப்பில் ஏறாது.

எங்களுக்கு வோட் இருக்காமே?

லண்டனில், சில திட்டங்களில் உண்டு. 2018 யூலையிலிருந்து லண்டன் மேயரின் நிதி பெறும் திட்டம் ஒன்று சமூக வாடகை வீடுகளை இடித்து 150 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டுவதானால், விதிவிலக்கு இல்லாத பட்சத்தில், குடியிருப்பாளர் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். நியூஹாமில் கார்பென்டர்ஸ் எஸ்டேட்டில் 2021 டிசம்பரில் அப்படித்தான் நடந்தது. பெரும்பான்மை ஆம் என்றது.

லீஸில் பெயர் இருந்து, கவுன்சிலின் முன்மொழிவு வெளிவருவதற்கு முன் குறைந்தது ஒரு வருடம் அந்த வீட்டையே பிரதான இருப்பிடமாகக் கொண்டிருந்தால் வாக்குண்டு. வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் இருப்பவருக்கு இல்லை. அந்த முன்மொழிவு ஏட்டை வரிக்கு வரி வாசியுங்கள். லீஸ்காரருக்கு என்ன தருவோம் என்பது அதில்தான் எழுத்தில் இருக்கும், பிறகு அதைக் காட்டிப் பேசலாம்.

செக்ஷன் 20 கடிதமும் வந்திருக்கு. ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை. செக்ஷன் 20 என்பது கூரை, லிஃப்ட் போன்ற பெரிய திருத்த வேலைக்கு ஒரு வீட்டுக்கு 250 பவுணுக்கு மேல் அறவிடும் முன் கொடுக்கும் அறிவித்தல். இடிக்கப் போகிற கட்டடத்துக்கு ஏன் பெரிய வேலை என்று கட்டாயம் எழுதிக் கேளுங்கள். ஆனால் கோபத்தில் சேர்விஸ் சார்ஜை (கட்டடப் பராமரிப்புக்குக் கட்டும் காசை) நிறுத்த வேண்டாம். நிலுவை கடைசியில் உங்கள் தொகையிலிருந்துதான் கழியும், இடையில் லீஸுக்கே வில்லங்கம் வரலாம்.

வீட்டுக்கு விலை ஆர் போடுறது?

கவுன்சில் தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். நீங்கள் உங்கள் சார்பில் ஒருவரை வையுங்கள். ஆர்ஐசிஎஸ் என்ற தொழில் அமைப்பில் பதிவுள்ள சேர்வேயராக (மதிப்பீட்டாளராக), சிபிஓ வேலையில் பழக்கமுள்ளவராக இருக்க வேண்டும். வழமையாக மோர்கேஜுக்கு வீடு பார்க்கும் சேர்வேயர் போதாது. இது தனிக் கணக்கு. அவருடைய நியாயமான கட்டணமும் சொலிசிட்டர் செலவும் இழப்பீட்டின் பகுதியாகக் கவுன்சில் தர வேண்டியவை. ஆனாலும் எவ்வளவு வரை தருவார்கள் என்பதை அமர்த்தும் முன்பே ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிப்படை விதி 1961 நிலஇழப்பீட்டுச் சட்டத்தில் உள்ளது: விரும்பி விற்பவர் ஒருவர் திறந்த சந்தையில் பெறக்கூடிய விலை. மதிப்பீட்டுக்கு வருபவர் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடுவார். புதுச் சமையலறை, மாற்றிய பொயிலர், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் ஆகியவற்றின் பில்லையும் படங்களையும் மேசையில் எடுத்து வையுங்கள். சாமான் குவிந்த அறையில் அலுமாரிக்குப் பின்னால் இருக்கும் புதுச் சுவர் அவர் கண்ணில் படாது.

அரைவாசி வீடு பூட்டிக் கிடக்கு, குப்பையும் அள்ளுறேல்லை. இதைக் காட்டி விலையைக் குறைப்பினமோ?

குறைக்கக் கூடாது. திட்டமே இல்லாவிட்டால் இந்த வீடு என்ன பெறும் என்றுதான் பார்க்க வேண்டும். திட்டத்தால் விழுந்த விலையும் கணக்கில் வராது, திட்டத்தால் ஏறிய விலையும் வராது. 2017இல் வந்த திருத்தம் இதை இன்னும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

நடைமுறையில் சிக்கல் ஒப்பீட்டு விலைகளில் வரும். அறிவிப்புக்குப் பின் உங்கள் எஸ்டேட்டில் விற்றவையெல்லாம் கவுன்சிலே வாங்கியவையாக இருக்கும். அவற்றை அளவுகோலாக ஏற்க வேண்டாம். பக்கத்தில், திட்டம் எதுவும் இல்லாத, அதே காலத்துக் கவுன்சில் கட்டடங்களில் நடந்த விற்பனைகளை உங்கள் சேர்வேயர் தேடி எடுக்க வேண்டும்.

2004இல வாங்கினனான். 125 வருச லீஸ்தானே, இன்னும் நூறுக்கு மேல இருக்குமே?

லீஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஒரே கட்டடத்தில் முதல் பிளாட் விற்கப்பட்டபோது தொடங்கிய 125 வருடத்தோடு, பின்னால் விற்கப்பட்டவையும் ஒரே நாளில் முடியும்படி எழுதச் சட்டம் இடம் கொடுத்தது. உங்கள் கட்டடத்தில் முதல் விற்பனை 1981இல் என்றால் உங்கள் லீஸும் 2106இல் முடியக்கூடும். அதாவது இப்போதே 80 வருடம் அளவில் நிற்கிறது. 80க்குக் கீழே போனால் லீஸை நீட்டும் செலவு கூடும், சந்தை விலையும் இறங்கும்.

லீஸை நீட்ட இரண்டு வருடம் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025 சனவரி 31 முதல் இல்லை. நீட்டிவிட்டு விலை பேசுவதா, நீட்டும் உரிமையையும் சேர்த்து விலை பேசுவதா என்பதை சேர்வேயரிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல ஆயிரம் பவுண் வித்தியாசம் வரக்கூடிய இடம் இது. ஒருவரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

விலைக்கு மேல வேற என்ன கிடைக்கும்?

வீட்டில் இருப்பவருக்கு இரண்டு. முதலாவது ஹோம் லொஸ் பேமென்ட், அதாவது குடியிருந்த வீட்டை இழப்பதற்கான தொகை: சந்தை விலையில் 10 வீதம். இதற்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் உண்டு, அவை அவ்வப்போது மாறும். 2023 ஒக்டோபரில் வந்த விதிப்படி அவை 8,100 பவுணும் 81,000 பவுணும். வெளியேறும் நாளுக்கு முந்திய ஒரு வருடமாவது அதுவே உங்கள் பிரதான வீடாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது இடம்பெயர்வுச் செலவு. லொறி, புது வீட்டுக்கான சொலிசிட்டர், அதன் ஸ்டாம்ப் டியூட்டி, மோர்கேஜை இடையில் முறிக்கும் தண்டம், தபாலைத் திருப்புதல், புது ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்தல், பிள்ளை பள்ளிக்கூடம் மாறினால் சீருடை வரை கேட்கலாம். நியாயமாகவும் இடப்பெயர்வால் நேரடியாக வந்ததாகவும் இருக்க வேண்டும். சின்னச் சின்ன ரசீதுகளை எறிந்துவிட்டுப் பிறகு கவலைப்படுபவர்கள் அதிகம். முதல் நாளிலிருந்தே ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்.

புதுக் கட்டடத்தில வீடு தருவினமாம். சும்மா மாத்தித் தருவினமோ?

பெரும்பாலும் இல்லை. புது வீட்டின் விலை கூட. நடுவில் இருக்கும் இடைவெளியை எப்படி அடைப்பது என்பதுதான் முழுப் பிரச்சினையும். ஒரு மாதிரிக் கணக்கு: உங்கள் பிளாட் 3,20,000 பவுண், மோர்கேஜ் பாக்கி 1,40,000, புது பிளாட் 5,20,000. பாக்கி போக மீதி 1,80,000. ஹோம் லொஸ் 32,000. கையில் 2,12,000. அதே 1,40,000 மோர்கேஜைப் புது வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தால் 3,52,000. புது வீட்டில் கிட்டத்தட்ட 68 வீதம் உங்களுடையது.

மிச்ச 32 வீதத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். ஷெயார்ட் ஈக்குவிட்டி என்றால் அந்தப் பங்கு கவுன்சிலுடையது, வாடகை இல்லை. விற்கும்போது அவர்கள் பங்கை எடுப்பார்கள். ஷெயார்ட் ஓனர்ஷிப் என்றால் அந்தப் பங்குக்கு மாதாமாதம் வாடகை. பெயர் ஒரே மாதிரி ஒலிப்பதால் பலர் குழம்புகிறார்கள். குறைந்தபட்சம் எத்தனை வீதம் போட வேண்டும், ஹோம் லொஸையும் போட்டே ஆக வேண்டுமா, புது சேர்விஸ் சார்ஜ் எவ்வளவு, நீங்கள் இறந்தால் பிள்ளைகளுக்கு அதே நிபந்தனையில் போகுமா ஆகிய நான்குக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

எனக்கு 63 வயசு. இனி ஆர் மோர்கேஜ் தருவினம்?

நம் ஆட்களில் அதிகம் நெரிபடுவது இவர்கள்தான். மேலே சொன்ன கணக்கில் புது மோர்கேஜ் கிடைக்காவிட்டால் கையில் இருப்பது 2,12,000 மட்டும். புது வீட்டில் ஏறத்தாழ 41 வீதம். கவுன்சில் 50 வீதம் கேட்டால் கதவு மூடிவிடும்.

அதனால் பேச்சின் தொடக்கத்திலேயே வயது, வருமானம், நோய், பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். சமத்துவச் சட்டப்படி முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுபான்மை இனத்தவர் மீதான பாதிப்பைக் கவுன்சில் பார்த்தே ஆக வேண்டும். குறைந்தபட்சப் பங்கைத் தளர்த்துவது, எஸ்டேட்டில் இன்னொரு கட்டடத்தில் பழைய பிளாட்டோடு மாற்றுவது போன்ற வழிகள் கேட்டால்தான் திறக்கும்.

நான் வாடகைக்கு விட்டிருக்கிறன். எனக்கும் பத்து வீதம் தானே?

இல்லை. ஹோம் லொஸ் அங்கே வசிப்பவருக்கு உரியது. வசிக்காத உரிமையாளருக்கு பேசிக் லொஸ் பேமென்ட் என்று வேறொன்று உண்டு. 2004 சட்டம் அதை 7.5 வீதம், உச்சவரம்பு 75,000 பவுண் என்று வைத்தது. இந்த வீதங்களைத் திருத்தும் சட்ட வேலைகள் அண்மையில் நடந்திருப்பதால் உங்கள் திகதிக்கு எது பொருந்தும் என்று சேர்வேயரிடம் உறுதிப்படுத்துங்கள். ஒரு வருடத்துக்குள் பிரித்தானியாவில் பதிலுக்கு வேறு வீடு வாங்கினால் அதை வாங்கும் செலவையும் கேட்கலாம்.

வீடு மகன்ரை பேரில. அவர் ஹரோவில இருக்கிறார், நாங்கள் ரெண்டு பேரும்தான் இங்கை. எங்களுக்கு?

சிக்கலான இடம். மகனுக்கு உரிமை உண்டு, ஆனால் அவர் அங்கே வசிக்கவில்லை. நீங்கள் வசிக்கிறீர்கள், ஆனால் லீஸில் பெயர் இல்லை. வெறும் அனுமதியில் இருப்பவருக்கு ஹோம் லொஸ் கிடைக்காது. வாக்கும் முன்னே சொன்னபடி பெயரைப் பொறுத்தது.

ஆனால் வீடு வாங்கும்போது உங்கள் காசும் போயிருந்தால், உதாரணமாகச் சீட்டுக் காசும் நகை விற்ற காசும் டெப்பொசிட்டில் சேர்ந்திருந்தால், சட்டம் ஏற்கும் பங்கு உங்களுக்கு இருக்கலாம். பழைய பாங்க் ஸ்டேட்மென்டுகளோடு சொலிசிட்டரிடம் போங்கள். கவுன்சிலின் படிவத்தில் “இங்கு வசிப்பவர் யார்” என்ற இடத்தில் எதையாவது எழுதும் முன்பு போங்கள். இல்லாததை எழுத வேண்டாம், இருப்பதை விடவும் வேண்டாம்.

ஒரு மெல்லிய படிவம் வந்தது. ‘ரெக்விசிஷன்’ எண்டு போட்டிருக்கு. நிரப்பாட்டி என்ன?

நிரப்பியே ஆக வேண்டும். வீட்டில் யாருக்கு என்ன உரிமை என்று கேட்கும் சட்டப்படியான படிவம் அது. பதில் அனுப்பாமல் விடுவது குற்றம்.

இதோடு ஒரு வேலை: சொத்துரிமையைப் பதியும் லான்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயரும் முகவரியும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நம் பெயர்களில் அப்பா பெயர் முன்னே, சொந்தப் பெயர் பின்னே, பாஸ்போர்ட்டில் தலைகீழ் என்று கிடக்கும். காசு வரும் நேரத்தில் இந்தப் பொருத்தமின்மை ஆளை அலைக்கழிக்கும். அறிவித்தல் அனுப்பும் முகவரியாக மூன்று வரை இலவசமாகப் பதியலாம், ஒன்று ஈமெயிலாக இருக்கலாம்.

இப்பவே கையெழுத்து வைக்கிறதோ, சிபிஓ வரும்வரை இருக்கிறதோ?

ஒரே பதில் இல்லை. முன்கூட்டி விற்பவருக்கு நேரத்தைத் தானே தெரிவு செய்யும் வசதி உண்டு. ஆனால் ஆணை இல்லாத நிலையில் ஹோம் லொஸும் இடம்பெயர்வுச் செலவும் தானாக வரும் உரிமைகள் அல்ல, ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். “சிபிஓ நடந்திருந்தால் கிடைக்கும் அனைத்தும்” என்ற பொருளில் ஒரு வரி கட்டாயம். வீட்டுக்கு வந்த உத்தியோகத்தர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தேநீர் ஆறும் முன் கையெழுத்து வைக்க வேண்டாம். லீஸ்ஹோல்ட் அட்வைசரி சேர்விஸ் இலவச ஆலோசனை தருகிறது, அங்கேயும் பேசுங்கள்.

இப்ப விற்க வெளிக்கிட்டால் ஒருத்தரும் வாங்கினமில்லை. கவுன்சிலை வாங்கச் சொல்லேலாதோ?

சில கட்டங்களில் பிளைட் நோட்டிஸ், அதாவது திட்டத்தால் விற்க முடியாமல் போன வீட்டைக் கவுன்சிலே வாங்கச் சொல்லும் அறிவித்தல், கொடுக்கலாம். குறைந்தது ஆறு மாதம் வசிக்கும் உரிமையாளருக்கு உரியது அது. ஆணை போடப்பட்டிருப்பது போன்ற சட்டம் சொல்லும் நிலை இருக்க வேண்டும். “யோசிக்கிறோம்” என்ற கவுன்சில் அறிவிப்பு மட்டும் போதாது. கவுன்சில் மறுப்பதானால் இரண்டு மாதத்துக்குள் மறுக்க வேண்டும்.

எதிர்ப்புத் தெரிவிச்சு ஆராவது வெண்டிருக்கினமோ?

ஆம். சதர்க் கவுன்சிலின் எய்ல்ஸ்பரி எஸ்டேட் விவகாரத்தில் 2016 செப்டம்பரில் அமைச்சர் சாஜித் ஜாவித் சிபிஓவை உறுதிப்படுத்த மறுத்தார். லீஸ்காரர்கள் சேமிப்பையெல்லாம் கொட்டினாலும் அதே பகுதியில் இருக்க முடியாமல் போவது, சிறுபான்மை இன மக்கள் மீது கூடுதலாக விழும் சுமை ஆகியவை அதில் எடைபோடப்பட்டன. கவுன்சில் வழக்குக்குப் போனது, அந்த முடிவு 2017இல் நீக்கப்பட்டது, 2018இல் புது விசாரணைக்குப் பின் ஆணை உறுதியானது. ஆனால் அதற்கிடையில் லீஸ்காரருக்கான மறுகுடியேற்ற நிபந்தனைகளைக் கவுன்சில் தளர்த்த வேண்டி வந்தது. நின்று பேசிய சில குடும்பங்களால் எல்லோருக்கும் கிடைத்த பயன் அது.

எதிர்ப்பில் “விலை காணாது” என்று மட்டும் எழுதினால் பலன் இல்லை. விலை என்பது அந்த விசாரணையின் விடயம் அல்ல. ஒழுங்காகப் பேச்சு நடத்தவில்லை, போக இடம் காட்டவில்லை, பாதிப்பைப் பார்க்கவில்லை என்பதைத் திகதிகளோடு எழுதுங்கள்.

ஆணை உறுதியாயிட்டுது, விலை இன்னும் ஒத்துவரேல்லை. வீட்டை விட்டுப் போகத்தான் வேணுமோ?

விலை முடியாமலே உரிமை கைமாறலாம், அதுதான் கடினமான உண்மை. ஆணை உறுதியானது என்ற அறிவித்தலிலிருந்து 6 கிழமைக்குள் சட்டப் பிழை காட்டி உயர் நீதிமன்றம் போகலாம். அதன் பின் கவுன்சில் பொது உரித்துப் பிரகடனம் செய்து, குறைந்தது மூன்று மாத அறிவித்தலோடு வீட்டைத் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ளும். கவுன்சில் மதிப்பிட்ட தொகையில் 90 வீதத்தை முற்பணமாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கினால் விலையை ஏற்றதாக ஆகாது. அதிலிருந்து முதலில் மோர்கேஜ் பாங்குக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

மீதித் தகராறு அப்பர் ட்ரிபியூனல் என்ற தீர்ப்பாயத்தின் நிலப் பிரிவுக்குப் போகும். உரிமை மாறிய நாளிலிருந்து 6 வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே செலவு பெரிது. போகும் முன் இரு பக்கச் சேர்வேயர்களும் உட்கார்ந்து எந்தெந்த வரியில் வேறுபடுகிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். லீஸின் மீதி வருடங்களும் ஒப்பீட்டு விற்பனைகளும்தான் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். அந்த இரண்டையும் மேலே சொன்னபடி முன்கூட்டியே சேகரித்து வைத்திருந்தால் ட்ரிபியூனல் வரை போகாமலே முடிக்க வாய்ப்பு அதிகம்.